அத்தோ வண்டி

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சான்,

உன் கடுதாசி கெடச்சுது. முட்டி வலி தேவலைன்னு எழுதியிருந்தே, சந்தோஷம். பொண்ணு பிளஸ் டூ முடிச்சு என்ன படிக்கப்போவுதுன்னு மட்டும் எழுதவே இல்லையே?

இங்க விசேஷம்னா சாப்பாட்டுக் கடை போட நாங்க கட்டற நம்ம ட்ரெய்லர்தான். மணலி யார்டு ஒண்ணுல, முன்ன ஜெனரேட்டர் ஏத்தினது, ஓரமா கிடந்துது. ஒத்த ஆக்ஸில் (சக்கர அச்சு), பத்தடி நீளம். நம்ம பக்கத்து உப்புக்காத்து தெரியுமே, கிரைண்டர் வெச்சதும் துரு செதில் செதிலா உதிருது. உள்ள இரும்பு கெட்டியா இருந்துது. துரு பிடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிச்சாச்சு.

வீட்ல பிரியாணி போடு, தோசைக்கல் போடுன்னு ஒரே பேச்சு. நான் பர்மா நூடுல்ஸ், அதான் அத்தோ, அதுதான்னு நின்னுட்டேன். மே மாசத்துல அந்தத் தகரப் பெட்டிக்குள்ள தோசைக்கல்லுக்கு முன்னால எவன் நிப்பான்? அத்தோன்னா நூடுல்ஸை முன்னாடியே வேகவெச்சு எண்ணெய் தடவி ஆற வெச்சுடலாம். கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணி, மிளகாத்தூள், மேல நொறுக்கின பேஜோ (மொறுமொறு வடை மாதிரி), எல்லாம் கையால பிசையற வேலைதான். ஓயாம கொதிக்கவேண்டியது வாழைத்தண்டு சூப் ஒண்ணுதான், அதுக்கு ஒரு பர்னர் போதும். கேஸும் மிச்சம், சின்ன புகைபோக்கியே தாங்கும். வண்டியைக் கட்டி முடிச்சுட்டு அப்புறம் மெனு யோசிக்கிறவங்கள எனக்குப் புரியவே இல்லடா.

பக்குவம் சொல்லித்தர எங்க பெரியம்மா இருக்காங்க. 1964ல பர்மா அரசாங்கம் கடைங்கள எடுத்துக்கிட்டப்புறம் ரங்கூன்லேருந்து கப்பல்ல வந்தவங்க. நான் பிசைஞ்சதை வாயில வெச்சுட்டு, "பூண்டு எண்ணெயில கஞ்சத்தனம் பண்ணாத"ன்னாங்க.

மேடைக்கு எவர்சில்வர் தகடு வாங்கப் போனா, நல்ல ரகமான 304 கேட்டேன். கடைக்காரர் காந்தத்தை வெச்சு "பாருங்க, ஒட்டலை, 304தான்"ங்கிறாரு. மட்ட ரகம் 202லயுந்தான் ஒட்டாது! ரகம் காட்டற டெஸ்ட் திரவத்தை ஒரு சொட்டு தகட்டுமேல விட்டுக் காட்டச் சொன்னேன், மூஞ்சி மாறிடுச்சு. வேற கடையில வாங்கினேன். புளி நாள் பூரா படற இடம், அதுல விட்டுக்கொடுக்க முடியாது.

வெல்டர் தம்பி தண்ணி டேங்கைப் பின்னால வெக்கலாம்னான். ஆக்ஸிலுக்குப் பின்னால கனம் ஏறினா இழுக்கறப்ப வண்டி வாலாட்டும். மொத்த எடையில 10லேருந்து 15 சதவீதம் இழுக்கற வண்டியோட கொக்கி மேல இறங்கணும்னு நீதானே சொல்லுவே. டேங்க், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் முன்னால கொண்டாந்துட்டோம். சிலிண்டர் 19 கிலோ நீலம், வெளியில தனிக் கூண்டுல. கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா கீழதான் தங்கும். அதனால தரையோரமா ஓட்டை விட்டு வலை அடிச்சிருக்கேன். மேல ஜன்னல் இருக்கேன்னு இதை விட்டுடறாங்க பாரு, அதான் பயம்.

பேப்பர் வேலை நடக்குது. ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, மாநகராட்சியில வியாபாரி அட்டை. அலைச்சல்தான், வேறென்ன.

இப்ப உன்கிட்ட ஒரு வேலை. சர்வீஸ் ஜன்னலை மேல தூக்கி நிறுத்தற மாதிரி கட்டியிருக்கோம். கதவு சுமார் இருபது கிலோ, உயரம் மூணடி. ரெண்டு பக்கமும் கேஸ் ஸ்ட்ரட் (கதவைத் தூக்கிப் பிடிக்கிற, காத்தடைச்ச தண்டு) போடணும். உங்க கம்பெனி மிஷின் கதவுக்கு எத்தனை நியூட்டன் விசை உள்ளதைப் போடறாங்க, எங்க பிடிக்கறாங்கன்னு பாத்து, ஒரு படம் கிறுக்கி அனுப்பு. அது வர்றவரைக்கும் மூங்கில் கழி முட்டுக்கொடுத்துத்தான் நிக்குது.

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு.

உன்
மச்சான்