தலைகீழ் வேறு, நேர்மாறு வேறு: தமிழ்ப் பயிற்சித் தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு மேலே போகும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களுக்கென்று தமிழில் பயிற்சித் தாள் அனுப்பத் தொடங்கியதற்கு முதலில் நன்றி. அந்தத் தாளைப் பற்றி இரண்டு முறை எழுதியும் பதில் வராததால்தான் இதைப் பலர் அறிய எழுத வேண்டியதாயிற்று.

சார்பு என்பது ஓர் எண்ணை இட்டால் இன்னோர் எண்ணைத் தரும் விதி. பிளஸ் டூ சார்புகள் பாடத்தின் நான்காம் கேள்வி, எக்ஸின் 2 மடங்குடன் 3-ஐக் கூட்டும் சார்பின் 'தலைகீழ் காண்க' என்கிறது. கணக்கில் சோடை போகாத என் மாணவி ஒருத்தி, 1 எழுதி, கோடு போட்டு, அந்த '2 எக்ஸ் + 3'-ஐ அப்படியே கோட்டுக்குக் கீழே எழுதிவிட்டாள். தங்கள் விடைக்குறிப்போ எக்ஸிலிருந்து 3-ஐக் கழித்து 2-ஆல் வகுக்கச் சொல்கிறது. விடை சரி, கேள்விதான் பிழை. பின்னத்தைக் கவிழ்த்துப் போடுவதைத் தலைகீழ் என்று சின்ன வகுப்பிலேயே அவளுக்குப் பழக்கியவர்கள் நாம்தான். இங்கே கேட்டிருக்க வேண்டியது, சார்பு செய்ததை அவிழ்த்துத் திருப்பும் நேர்மாறு. சார்பின் தலைமேல் போடும் மைனஸ் 1 நேர்மாறைக் குறிக்கும்; அதுவே எண்ணின் தலைமேல் ஏறினால் தலைகீழைத்தான் குறிக்கும். குறியீடே இப்படிக் காலை வாரும் இடத்தில் சொல்லாவது கைகொடுக்க வேண்டாமா? பூஜ்யம் வாங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "தமிழ்ல எழுதியிருந்ததத்தானே சார் செஞ்சேன்?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

சார்பில் 5-ஐ இட்டால் 13 வருகிறது. 13-ஐக் கொடுத்தால் 5-ஐத் திருப்பித் தருவதே நேர்மாறு. அவள் எழுதியதில் 13-ஐ இட்டுப் பார்க்கச் சொன்னேன். 29-இல் 1 பங்குதான் வந்தது. அப்புறம் ஆட்டோக் கட்டணத்துக்கு வந்தோம். 2022-இல் மாற்றியபடி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் (மீட்டர் போடும் ஆட்டோவை எங்கள் ஊரில் தேடுவது தனிக் கதை). 75 ரூபாய் கொடுத்தவர் எவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்டதும், 30-ஐக் கழித்து, மிஞ்சிய 45-ஐ 15-ஆல் வகுத்து, ஒன்றரையைக் கூட்டி நாலரை என்றார்கள். கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது. 30 ரூபாய் கொடுத்தவர்? "அவர் அரை கிலோமீட்டர் வந்தாரோ ஒண்ணு வந்தாரோ, யாருக்குத் தெரியும்?" என்றான் ஒரு பையன். ஒன்றுக்கொன்றாக இல்லாத, அதாவது வெவ்வேறு எண்களுக்கு ஒரே விடை தரும் சார்புக்கு நேர்மாறு கிடையாது என்னும் இதே செய்தி தங்கள் தாளில் ஆறு வரி ஓடுகிறது. ஆறும் எனக்கே பிடிபடவில்லை.

'எக்ஸையும் ஒய்யையும் மாற்றுக' என்று ஒரு படி வேறு. இடம் மாற்றச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் பாதிப் பேர் கூட்டல் கழித்தல் குறியை மாற்றி வைத்திருந்தார்கள்.

1956-இல் மாநில எல்லை பிரித்தபோது எங்கள் வீடுகள் கேரளப் பக்கம் நின்றன; அதில் மனத்தாங்கல் இல்லை. அரசியலமைப்பின் 350ஏ பிரிவு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரத்தான் வழி சொல்கிறது, பிளஸ் டூவைப் பற்றிப் பேசவில்லை என்பதும் தெரியும். ஆனால் எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். அங்கே மேல்நிலைக் கணக்குப் பாடநூலில் நேர்மாறு என்ற சொல் அச்சாகியே கிடக்கிறது. அதை இந்தப் பக்கம் கொண்டுவரச் சோதனைச் சாவடியில் வரி ஏதும் கட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது இதுதான்: தலைகீழ் என்றிருக்கும் இடத்தில் நேர்மாறு என்று திருத்தித் தாளை மீண்டும் அனுப்புங்கள்; அச்சுக்குப் போகுமுன் தமிழில் கணக்கு நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அடுத்த பாடமே முக்கோணவியல் நேர்மாறு சார்புகள். அதிலும் தலைகீழ் என்றே அச்சானால், சைனின் நேர்மாறைக் கேட்ட இடத்தில் எங்கள் பிள்ளைகள் சைனின் தலைகீழான கோசீக்கன்ட் என்றே எழுதுவார்கள். கிறிஸ்துமஸ் தேர்வுக்கு முன்பாகத் திருத்திய தாள் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மாலை வகுப்புக் கணக்காசிரியர் ஒருவர்,
சித்தூர் வட்டம்