கத்தரிக்கோலைக் கீழே வை, கண்ணா

அம்பத்தூர், சென்னை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குப் போகிற கால் இன்ச் டியூப். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, வாய் சப்பிப்போய் முட்டை வடிவத்தில் இருக்கிறது. டியூபைச் செருகுகிற ஃபிட்டிங்கை இரண்டு தடவை மாற்றியும் சொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். ஃபிட்டிங் மேல் தப்பே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாய், அதுதான் விஷயம்.

டியூப் வெட்ட எந்த கட்டர் வாங்கலாம் என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தொன்பது வருஷம் இந்தத் தொழிற்பேட்டையில் ரப்பர் ஹோஸ் வெட்டும் மேஜையில் நின்றவள் நான். என் பிள்ளை வீட்டில் டியூப் ஒழுகுவது எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஃபிட்டிங்குக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். டியூபை உள்ளே தள்ளினால் ஒரு பல் வளையம் அதைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் வளையம், டியூபின் வெளிப்புறத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். தண்ணீரைத் தடுப்பது அந்த ரப்பர் வளையம் மட்டும்தான். டியூப் உருண்டையாக இருந்து, கடைசி வரை போய் முட்டினால்தான் அது தன் வேலையைச் செய்யும். கோணலாக வெட்டினால் நீளமான பக்கம் முதலில் முட்டி நிற்கும், குட்டைப் பக்கம் எட்டாது. சப்பையாகியிருந்தால் ஓரத்தில் சந்து விழும். அந்தச் சந்து வழியாகத்தான் சொட்டுகிறது.

கத்தரிக்கோல் இரண்டு பக்கமிருந்தும் நசுக்கித்தான் வெட்டும். டியூப் தட்டையாகிக் கிடக்கும்போது வெட்டு விழுகிறது, அப்புறம் அது மறுபடி உருண்டையாக எழும்பும்போது வெட்டு முகம் நேராக இருக்காது. கட்டிங் பிளையர் இன்னும் மோசம். ஆக்ஸா பிளேடு வேறு விதமான கெடுதல். அதன் பற்கள் ரப்பரை வெட்டாது, பிய்க்கும். வாயெல்லாம் பிசிறு, உள்ளே கறுப்புப் பொடி. உன் பழைய பைக்கின் பெட்ரோல் டியூபை அப்படி அறுத்தாயானால் அந்தப் பொடி நேராக கார்புரேட்டருக்குத்தான் போகும். அதற்குள் பெட்ரோல் வருகிற ஜெட்டின் ஓட்டை ஊசிமுனை அளவு. அடைத்துக்கொள்ள ஒரு துணுக்கு போதும்.

சரி, கட்டருக்கு வருகிறேன். ஹோஸ் வெட்ட ஒரே ஒரு பிளேடு வேண்டும். அது மெல்லியதாக, நேராக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு பிளேடு இருக்கக் கூடாது, ஹோஸ் உட்காருகிற மாதிரி ஒரு மேடையோ பள்ளமோ இருக்க வேண்டும். ஹோஸ் அதில் அசையாமல் உட்காரும், பிளேடு மேலிருந்து ஒரே அழுத்தில் இறங்கும். கடையில் கையில் எடுத்ததும் மூடித் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். பிளேடு பள்ளத்தின் நடுவில் போய் இறங்க வேண்டும். பிளேடைப் பக்கவாட்டில் விரலால் மெல்லத் தள்ளினால் ஆடக் கூடாது. ஆடுகிற கட்டர் எவ்வளவு கூராக இருந்தாலும் கோணலாகத்தான் வெட்டும். பிளேடு கழற்றி மாற்றுகிற மாதிரியும் இருக்கட்டும்.

பிளேடு விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று காலையிலேயே கேட்டேன். சாயங்காலம் வரை ஓட்டு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் நானூறு துண்டு திரும்பி வந்தது. மேஜையில் நிற்க வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. கூட வேலை செய்த அக்கா ஒருத்தி அன்றைக்குக் கற்றுக்கொடுத்ததுதான்: வெட்டின துண்டைக் கண்ணாடி மேல் செங்குத்தாக நிற்க வை, அடியில் வெளிச்சம் தெரியாமல் நின்றால் வெட்டு நேர். இன்றைக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கடைக்காரர் ராட்செட் கட்டரை எடுத்துக் காட்டுவார், சொடக்குச் சொடக்கென்று இறங்குமே, அது. அது கெட்டியான பிவிசி பைப்புக்காகச் செய்தது. பிளேடு தடிமன். மெதுவாகப் படிப்படியாக இறங்குவதால் மெத்தென்ற டியூபை முதலில் நசுக்கிவிட்டுத்தான் வெட்டும். தடித்த ரப்பருக்குக் கை பலம் போதாதவர்கள் மெல்லிய பிளேடு உள்ள ராட்செட்டாகப் பார்த்து வாங்கலாம். உனக்குத் தேவையில்லை.

அளவில் ஏமாந்துவிடாதே. கட்டரில் போட்டிருப்பது வெளி அளவு. தோட்டத்து ஹோஸை அரை இன்ச் என்று விற்பது உள் அளவு. ரப்பர் தடிப்பையும் சேர்த்தால் வெளியே முக்கால் இன்ச் பக்கம் வந்துவிடும். உன் தண்ணீர் மெஷின் டியூப் அப்படி இல்லை, அதில் கால் இன்ச் என்பதே வெளி அளவு.

வெட்டுவதற்கு முன்னால் பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொள். ரப்பர் பிளேடைப் பிடித்து இழுக்கும், நனைந்த பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய், கிரீஸ் தடவாதே. நிறைய வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். வேலை முடிந்ததும் துடைத்துக் காயவை.

கட்டருக்குள் நுழையாத பெரிய ஹோஸ் என்றால் கத்திதான். ஹோஸ் மேல் ஒரு கிளாம்ப்பை மாட்டி இறுக்கு. உள்ளே சரியாகப் பொருந்துகிற உருட்டுக் கட்டையைச் செருகு. கிளாம்ப் ஓரத்தையே ஒட்டிச் சுற்றி வெட்டு. கத்தி உன்னை விட்டு விலகிப் போகட்டும். என் இடது கட்டைவிரல் தழும்பைத் தடவித் தடவி இது என்னம்மா என்று சின்ன வயசில் கேட்பாய். கத்தியை என் பக்கமாக இழுத்த நாள் அது.

2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது. மாடி டிரம்முக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காகப் பச்சை ஹோஸைத் துண்டு போட வேண்டியிருந்தது. அவசரத்தில் அரிவாள்மனையில் வைத்து நானே அறுத்தேன். சாய்வாக விழுந்தது. கிளிப் போட்டு எவ்வளவு முறுக்கியும் ஒழுகிக்கொண்டே இருந்தது. அரைக் குடம் தண்ணீர் படிக்கட்டில் போனதைப் பார்த்து அன்றைக்கு அழுதுவிட்டேன். தெரிந்த நானே செய்தேன் என்பது இன்னும் மனசில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் எந்த கட்டராலும் தொடாதே. அடுப்புக்குப் போகிற ஆரஞ்சு கேஸ் டியூப். அதற்குள் கம்பி வலை இருக்கிறது, வெட்டினால் பிளேடும் போகும், டியூபும் போகும். நீளமாக இருக்கிறது என்று குறைக்கவும் கூடாது, இரண்டை ஒட்டுப் போடவும் கூடாது. சரியான நீளத்தில் முழு டியூபாக வாங்கி மாட்டு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். உன் வீட்டில் இருப்பதில் வருஷம் அச்சடித்திருக்கும், இன்றைக்கே பார்த்துச் சொல்.

நேற்று பீச் வண்டி ஏறிப் பாரிமுனைக்குப் போயிருந்தேன். கையில் கால் இன்ச் டியூப் ஒரு முழம், பெட்ரோல் டியூப் ஒரு துண்டு. லிங்கி செட்டித் தெருவில் மூன்று கடையில் வெட்டிப் பார்க்க விடவில்லை. நாலாவது கடைப் பெரியவர் அவரே மேஜையை ஒதுக்கிக் கொடுத்தார். மூன்று கட்டரில் ஒன்றுதான் கண்ணாடி மேல் சாயாமல் நின்ற துண்டைக் கொடுத்தது. அதை வாங்கிவிட்டேன், மாற்று பிளேடு இரண்டும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை சித்தப்பா புனே வண்டியில் வருகிறார். கட்டரைப் பழைய துண்டில் சுற்றி, மருமகளுக்கு வைத்த வடாம் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பையில் கையை விடுவதற்கு முன்னால் எட்டிப் பார். புது டியூப் வாங்க வேண்டாம், இருக்கிறதிலேயே நுனியில் ஒரு விரல் அளவு வெட்டி எறிந்தால் போதும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் செய். வெட்டினதும் போட்டோ அனுப்பு, வாய் தெரிகிற மாதிரி, நேராகப் பிடித்து.

அன்புடன்,
அம்மா