தமிழ் தெரிந்த ஒரு பரீட்சகரைத் தாருங்கள்

பல்லூடக இதழியல் பட்டப்பின் பாடநெறியை நடத்தும் மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். செய்முறைப் பாடத்துக்கு நான் கொடுத்த 6 நிமிடக் காணொளிக்கு நீங்கள் போட்ட புள்ளி கிடைத்தது. மேன்முறையீட்டுக்கு அனுப்பிய நாலு வரிப் பதிலும் கிடைத்தது. பரீட்சகரின் முடிவே இறுதியானது என்கிறீர்கள். சரி. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான் என் பிரச்சினை. 7 செக்கன் விஷயம்.

மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் நடந்த அத்துமீறிய குடியேற்றத்துக்கு எதிராக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கியபோது செய்தி எடுக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. மற்றக் கமெராக்கள் எல்லாம் போன பிறகும் மாடு வளர்க்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனேன். தேத்தண்ணி தருவார், ஊர்க்கதை பேசுவார், மாட்டுக்கதையை மட்டும் எடுக்கமாட்டார். நாலாவது தடவைதான் சேலைக் கரையில் மைக்கைக் குத்த விட்டார்.

“காலம்பற போய்ப் பாத்தன் புள்ள. பசு காயத்தோட கிடக்கு. கண்டு பக்கத்தில நிக்கிது. மறுகா…”

அதோடு நிறுத்திவிட்டார். கையை முந்தானையில் துடைத்தார். எங்கேயோ ஒரு மாட்டு மணி கேட்டது. பிறகு, “மறுகா என்னத்தச் சொல்ற” என்று எழும்பி உள்ளே போய்விட்டார். இடையில் போனது 7 செக்கன்.

‘மறுகா’ என்றால் ‘பிறகு’. மட்டக்களப்பில் பிறந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒருவர் நிறுத்தினால், அதற்கு மேல் சொல்ல ஏலாத ஒன்று நடந்திருக்கிறது என்று கேட்பவருக்கு விளங்கும். சப்டைட்டிலில் இரண்டு வரிதான் போடலாம், வரிக்கு 42 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. நான் ஆங்கிலத்தில் ஒரு சொல் போட்டேன், மூன்று புள்ளி வைத்தேன். வேறென்ன செய்ய?

உங்கள் பரீட்சகர் அந்த இடத்தில் எழுதியது இது: காட்சி வெறுமையாக இருக்கிறது, வெட்டியிருக்க வேண்டும், பேசுபவர் தயங்குவதால் நம்பகத்தன்மை குறைகிறது. கீழே இன்னொரு குறிப்பு, பேச்சுத் தெளிவில்லையாம். தமிழ் தெரியாத ஒருவருக்குத் தமிழ்ப் பேச்சுத் தெளிவில்லை என்று எப்படித் தெரிந்தது? அந்த வித்தையையும் ஒரு பாடமாக வைத்தால் படிக்க வருகிறேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. கிணற்றடி ஷொட்டில் வெளிச்சம் எரிந்துபோயிருக்கிறது என்றார், உண்மைதான், அது என் பிழை. காதுக்குத்தான் ஆள் இல்லை. தமிழில் செய்யலாம், ஆங்கில சப்டைட்டில் போட்டால் போதும் என்று சேர்க்கும்போது நீங்கள்தான் சொன்னீர்கள். தமிழ்ப் படைப்பைத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் பார்க்கவேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. அதை நம்பி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழையோடு தமிழ் இருக்கும், உள்ளே இருக்காது. உங்கள் பாடநெறியும் அந்தப் பலகை மாதிரி ஆகிவிடக்கூடாது. ஊடகப் பாதுகாப்பு விரிவுரையில் கொல்லப்பட்ட ஊடகவியலாளர்களைப் பற்றிச் சொன்னீர்கள். லசந்த விக்கிரமதுங்க இருந்தார், இருக்கத்தான் வேண்டும். 2004 மே 31இல் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் இல்லை. மட்டக்களப்பில் பிறந்து, 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட தராகி சிவராமும் இல்லை. கையை உயர்த்திக் கேட்டேன். நேரம் போதவில்லை என்றீர்கள். அந்த வகுப்புக்கு வர முதல் நாள் இரவு மட்டக்களப்பில் ரயில் ஏறியிருந்தேன். விடிய விடிய இருந்தே வந்தேன். எனக்கு நேரம் போதுமாகத்தான் இருந்தது.

மன்னிக்கவேண்டும், வந்த விஷயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

புள்ளியைக் கூட்டித் தரும்படி கேட்கவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்த 6 நிமிடத்தையும் ஒரு தடவை கேட்கட்டும். கேட்டபிறகும் அவர் வெட்டு என்றால் வெட்டிவிடுகிறேன். ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தமிழில் இதழியல் படித்தவர்களும் படிப்பிக்கிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள், ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இறுதிச் செயற்திட்டமும் கிட்ட வருகிறது. 15 நிமிடம், அதே அம்மா, அதே தமிழ். இந்தத் தடவை வீட்டுக்குள் வந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதை யார் பார்க்கப்போகிறார் என்பதைக் கையளிக்கும் நாளுக்கு முன்னர் அறியத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். தயவுசெய்து தமிழ் தெரிந்தவராகப் பாருங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் வரும் உங்கள் மாணவி