மூன்று மடங்கு நீருக்கு 27 மடங்கு பீப்பாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணைகளின் கொள்ளளவை விளக்கும் பொருட்டுத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட படத்தில் மேட்டூர் அணை பெரிய பீப்பாயாகவும் பவானிசாகர் சிறிய பீப்பாயாகவும் வரையப்பட்டிருந்தன. முன்னதன் கொள்ளளவு 93.47 டிஎம்சி, பின்னதன் கொள்ளளவு 32.8 டிஎம்சி, எண்களில் பிழையில்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று மடங்கு நீர் என்பதைக் காட்ட முனைந்த ஓவியர், பீப்பாயை உயரத்திலும் அகலத்திலும் மூன்று மடங்காக்கிவிட்டார். அடிக்கோலை வைத்துப் பார்த்தேன்: சிறியது இரண்டு சென்டிமீட்டர், பெரியது ஆறு. அப்படியொரு பீப்பாய் உண்மையில் இருந்தால், சிறியதைப் போல் 27 மடங்கு நீர் அதில் பிடிக்கும். சரியாக வரைந்திருந்தால் பெரிய பீப்பாய் மூன்று சென்டிமீட்டரைக்கூட எட்டியிருக்காது.

ஓவியரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நீளத்தைக் கண் ஓரளவு சரியாகவே மதிப்பிடும்; கன அளவில்தான் ஏமாந்துபோகும். சூரியன் பூமியைப் போல் 109 மடங்கு பெரியது என்று ஓரிடத்திலும், 13 லட்சம் மடங்கு பெரியது என்று வேறோரிடத்திலும் படித்துவிட்டு, எது சரி என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். இரண்டும் சரியே, முதலாவது விட்டம், இரண்டாவது கன அளவு. இரண்டு மில்லிமீட்டர் கடுகைப் பூமியாகக் கொண்டால் 22 சென்டிமீட்டர் கால்பந்து சூரியன் என்று மேசைமேல் இரண்டையும் வைத்துக் காட்டுவேன். அப்படியானால் பந்துக்குள் 13 லட்சம் கடுகைக் கொட்டலாமா என்றால், அதுவும் முடியாது: உருண்டைகளுக்கு இடையே சந்து விழுவதால் எட்டு லட்சத்தை ஒட்டியே பந்து நிரம்பிவிடும். படியைக் குலுக்கி அளந்த வியாபாரியிடமும் குலுக்காமல் அளந்த வியாபாரியிடமும் அரிசி வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

மிகச் சிறியவற்றிலும் இதே மயக்கம் உண்டு. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் என்று கண்டதும், ரத்தம் முழுவதும் அணுக்களே அடைந்து கிடப்பதாகத் தோன்றும். ஓர் அணுவின் கன அளவு ஏறத்தாழ 90 கன மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்). ஒரு கன மில்லிமீட்டரோ நூறு கோடி கன மைக்ரான். பெருக்கிப் பார்த்தால் அணுக்கள் பிடிக்கும் இடம் 45 கோடி, அதாவது பாதிக்கும் குறைவு.

ஒரு டிஎம்சி என்பதும் அதே நூறு கோடிதான், இங்கே கன அடியில். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆயிரம் அடி கொண்ட ஒரு பெட்டியை நினைத்துக்கொண்டால் போதும். அதில் சுமார் 2,832 கோடி லிட்டர் நீர் பிடிக்கும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்துவிட்டால் ஒரு டிஎம்சி வெளியேறும். திறப்பு கன அடியிலும் இருப்பு டிஎம்சியிலும் அச்சாகும் செய்திகளில் இந்த ஒரு வரியையும் சேர்த்தால், அணை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதை உழவர்கள் தாங்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

பீப்பாய்க்குப் பதிலாக, டிஎம்சிக்கு ஒன்று வீதம் ஒரே அளவிலான சிறு கட்டங்களை, மேட்டூருக்கு 93, பவானிசாகருக்கு 33 என்று வரிசையாக அச்சிடுமாறு ஓவியரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஈரோடு.