டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு வாகனம்: ஏரியூர் வட்டார மக்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஏரியூர், நெருப்பூர், நாகமரை பகுதிகளிலிருந்து டயாலிசிஸ் (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும்) சிகிச்சைக்காகத் தருமபுரிக்குச் சென்று வருவோருக்கு ஒரு வேன் வாங்கி, அதைக் கட்டணமின்றி இயக்குவதென்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. வண்டிக்கும் முதலாண்டின் டீசல், ஓட்டுநர் ஊதியம், காப்பீடு ஆகியவற்றுக்கும் சேர்த்து 11 லட்சம் ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டுள்ளோம். அதற்கு உங்கள் உதவியை நாடுகிறோம்.

சிகிச்சைதான் இலவசமாயிற்றே, வண்டி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவும் டயாலிசிஸ் கட்டணமின்றிக் கிடைப்பது உண்மையே. ஆனால் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்வரையோ ஆயுள் முழுவதுமோ இச்சிகிச்சை தேவைப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கி, கால் துவண்டு, தலைசுற்றலோடு வெளியே வருபவர் பென்னாகரத்தில் பேருந்து மாறி ஊர் வந்து சேர வேண்டும். துணைக்கு வந்தவருக்கு அன்றைய கூலி போய்விடும். வாடகைக் கார் பிடித்தாலோ அந்த வாரத்துச் சம்பாத்தியம் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே வாரம் மூன்று முறை போக வேண்டியவர் இரண்டு முறை போகிறார், பிறகு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறார். அப்படி விட்ட நாட்களில் உடலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நின்றுவிடவும் கூடும். மருந்தும் இயந்திரமும் மருத்துவரும் தயாராக இருக்க, போய்ச் சேர வழியில்லாமல் ஓர் உயிர் போவதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் முறையும் உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீடு தேடிக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, எனினும் கிருமி தொற்றாதபடி சுத்தமான தனி இடம் வேண்டுமாதலால், ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளோடு வாழ்பவர் பலருக்கு அது இயலுவதில்லை.

சிகிச்சை இல்லாத நாட்களில் இதே வேன் பரிசோதனை முகாம்களுக்காகக் கிராமங்களுக்குச் செல்லும். எங்கள் மனத்தில் இதற்கும் சம இடம் உண்டு. ஏனெனில் சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதான பிறகும் பலருக்கு வலியோ வேறு அறிகுறியோ தெரிவதில்லை; முகமும் காலும் வீங்கி, சோறு இறங்காமல் மருத்துவமனைக்குப் போகும்போதுதான் ரத்தத்தில் கழிவு சேர்ந்துவிட்டதைக் குறிக்கும் 'உப்பு கூடிவிட்டது' என்ற செய்தி வருகிறது. சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமுமே இந்நோய்க்கு முதன்மைக் காரணங்கள். இவற்றோடு, கவனிக்காமல் விட்ட கல்லடைப்பு, நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள், உலோகம் கலந்த முறையற்ற மருந்துகள் என்று காரணங்கள் நீள்கின்றன. தமிழ்நாட்டில் 2023-இல் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்ததும், அவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லாததும் தெரியவந்தது. போதிய தண்ணீர் குடிக்காமல் கடும் வெயிலில் உழைப்பதை மருத்துவ உலகம் இப்போது கவலையோடு பார்க்கிறது. செங்கல் சூளைக்கும் கல் குவாரிக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்வருவோர் வாழும் ஊர்களுக்கு இது வெறும் செய்தியல்ல.

நம் நிலத்தடி நீரில் மிகுந்து, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடலில் சேரும் ஃபுளோரைடில் பெரும்பகுதியைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. அது பழுதானவரின் எலும்பில் ஃபுளோரைடு மேலும் விரைவாகத் தங்கிவிடுகிறது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் கிடைக்கும் இடங்களில், நிலத்தடி நீருக்குப் பதிலாகக் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துமாறு முகாம்களில் எடுத்துச் சொல்வோம்.

முகாமுக்கு வருபவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவை பார்க்கப்படும். ஐயம் இருந்தால், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்படுவார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால், மாத்திரையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் டயாலிசிஸை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட முடியும்.

நூறு ரூபாயானாலும் ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்; நோயாளிகளின் பெயர் மட்டும் எங்கும் வெளியிடப்படாது. பெங்களூரு, ஓசூர், திருப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வங்கிக் கணக்கு விவரத்தைக் குழுப் பொருளாளரிடம் கேட்டுப் பெறலாம். பணம் தர இயலாதவர்கள், குறிப்பாகச் செவிலியர்களும் லேப் டெக்னீஷியன்களும் கனரக உரிமம் உள்ள ஓட்டுநர்களும், மாதம் ஒரு நாள் உழைப்பைத் தந்தாலும் நன்றியோடு ஏற்போம்.

இப்படிக்கு,
வாகன உதவிக் குழுவினர்,
ஏரியூர், தருமபுரி மாவட்டம்.