கால் தளர்ச்சிக்குப் பழச்சாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேதி நின்ற பிறகும் கால் தளர்கிறதே என்று கேட்ட ஒரு வாசகிக்கு, "சத்துக் குறைவுதான், பழச்சாறு குடித்து ஓய்வெடுங்கள்" என்று சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் பதில் போட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாள் இந்நேரம் குடித்துக்கொண்டிருப்பார். நன்றாக இருக்கட்டும்.

என் மனைவிக்கும் இதே பதில்தான் கிடைத்தது, எங்கள் ஊர் கிளினிக் ஒன்றில். கல்யாணச் சாப்பாடு, பேதி, அது நின்று ஒரு வாரம் போல ஆனதும் நடக்கையில் செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை. சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். முழங்காலில் ஒரு தட்டு தட்டியிருந்தால் கால் துள்ளாதது தெரிந்திருக்கும். தளர்ச்சி கைக்கு ஏறி, மூச்சு முட்டி, வென்டிலேட்டர் வரை போனது. நிலம் விற்ற கதை இங்கே வேண்டாம்.

அவளுக்கு வந்தது கில்லன் பாரே. 1916இலேயே பிரெஞ்சு டாக்டர்கள் எழுதிவைத்த நோய். தாங்கள் அறியாததா? 2025 ஜனவரியில் புனேயில் பலர் விழுந்தபோது 'தமிழகத்துக்கும் பரவுமா?' என்று அட்டையிலேயே போட்டீர்களே! ஆளுக்கு ஆள் ஒட்டுகிற நோயல்ல அது. அங்கே நோயாளிகளின் மலத்தில் அகப்பட்டது கேம்பிலோபாக்டர். கெட்ட தண்ணீரிலும் சரியாக வேகாத கோழியிலும் இருக்கும் கிருமி. அதன் மேலுறையும் நம் நரம்பும் ஒரே சாயல். கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி நரம்பையும் சேர்த்து அடித்துவிடுகிறது. எங்கள் வேலூர்ப் பக்கம் மழைக்காலத்தை ஒட்டி வரும் உண்ணிக்காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு இப்படி ஆனதுண்டு.

இதையெல்லாம் அப்போதே எழுதி அனுப்பினேன். போடவில்லை, இடம் இருந்திருக்காது. பின்னட்டை முழுக்க 'நரம்புத் தளர்ச்சி' லேகியக்காரர் இருந்தார். (எந்த நரம்பு என்று அவரும் சொல்வதில்லை, நீங்களும் கேட்பதில்லை.)

தளர்ச்சி தொடங்கி 2 வாரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியோ (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) பிளாஸ்மா மாற்றமோ (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு ஏற்றுவது) செய்தால்தான் நல்ல பலன். அதில் எத்தனை நாளைப் பழச்சாறு தின்னும் என்று பதில் எழுதியவர் கணக்குப் போட்டாரா?

அடுத்த இதழில் இரண்டே வரி போடுங்கள்: "காய்ச்சலோ பேதியோ விட்ட சில வாரத்தில் இரு காலும் மரத்து, படியேற முடியாமல் போனால், நரம்பியல் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றே போகவும்." லேகியத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், ஆரணி