த்ரீ நாட் த்ரீயும் 2,500 டாலரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வீடு வாங்கும் தமிழர்களுக்கென்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன், வட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் விவரமாக இருந்தன. காப்பீட்டுக்கு மட்டும் இரண்டே வரி. பாலிசி எடுத்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களும் அதில் அடங்கிவிடும் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அடங்கும்தான். ஆனால் எது எவ்வளவு அடங்கும் என்று தெரியாமல், 12,300 டாலர் திருட்டுக்கு 1,800 டாலர் காசோலை வாங்கியவன் நான்.

என்னிடமிருந்து போனதில் பெரும்பகுதி துப்பாக்கிகள். இதைப் படித்ததும் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். என் மனைவியே சுளிப்பாள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா திருநெல்வேலி ஆயுதப்படையில் காவலராக இருந்தார். பாளையங்கோட்டை போலீஸ் குடியிருப்பில்தான் வளர்ந்தேன். ஆயுத பூஜை அன்று மட்டும் பிள்ளைகளை ஆயுதக் கிடங்குக்குள் விடுவார்கள். த்ரீ நாட் த்ரீ ரைஃபிள்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மரக்கட்டையிலும் சந்தனம், குங்குமம். பின்கட்டையின் அடியில் ஒரு சின்னப் பித்தளைக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு எண்ணெய்க் குப்பியும், குழலைத் துடைக்கும் கயிறும். அப்பா அதைத் திறந்து காட்டியபோது எனக்கு ஏழு வயது. அந்த எண்ணெயும் பழைய மரமும் கலந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அப்புறம் கல்லூரி என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ. அவ்வளவுதான் எனக்கும் துப்பாக்கிக்கும் அங்கே இருந்த உறவு.

அமெரிக்கா வந்தும் பல வருடம் தொடவில்லை. எச்1பி விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், இங்கே துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். புதிதாக வரும் பையன்கள் நண்பர்களைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்துவிடக் கூடாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் வாங்க ஆரம்பித்தேன். 30 டாலர் கட்டினால் மூன்று வருடத்துக்குச் செல்லும் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய துப்பாக்கிகளுக்கானது. அதையும் எடுத்தேன். எல்லாமே லீ-என்ஃபீல்ட் வகை, அப்பா காட்டிய த்ரீ நாட் த்ரீயின் குடும்பம். இரண்டாம் உலகப்போர் காலத்தவை சில. என் செல்லம் மட்டும் 1967 என்று முத்திரை குத்திய இஷாப்பூர் 2ஏ1. சீனப்போருக்குப் பிறகு, பழைய த்ரீ நாட் த்ரீயின் வடிவத்தையே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அசோகச் சிங்க முத்திரையோடு ஒரு பொருள் டெக்சஸ் கண்காட்சி மேசையில் கிடந்தால் விட்டுவிட்டு வர முடியுமா? 2022 வாக்கில் என்னிடம் ஒன்பது இருந்தன.

இனி பாலிசிக் கதை. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஹூஸ்டன் பக்கம் மைனஸ் பத்து டிகிரி. கரண்ட் இல்லை. எங்கள் பரண் மேலிருந்த குழாய் வெடித்துக் கூரை ஊறி, அலமாரி மேல் கொட்டியது. இரண்டு ரைஃபிள்களின் மரக்கட்டை உப்பிவிட்டது. கூரை, தரை, மெத்தை ஆகியவற்றோடு அந்தப் பழுதுக்கான 640 டாலர் ரசீதையும் சேர்த்து அனுப்பினேன். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை, கொடுத்தார்கள். நானும் சரி, துப்பாக்கியும் மெத்தை மாதிரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நல்ல அனுபவம்தான் என்னைக் கெடுத்தது.

2022 டிசம்பரில் தங்கை மகள் கல்யாணத்துக்காக ஐந்து வாரம் ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கராஜ் கதவைத் திறந்தால், என் கடப்பாரை அதன் ஆணியில் இல்லை. படுக்கையறை அலமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் துப்பாக்கி வைத்திருந்தது 160 டாலர் தகரப் பெட்டி. பூட்டு இருந்தது, ஆனால் தகரத்தைச் சாப்பாட்டு டப்பா மூடி மாதிரி நெம்பி மடக்கியிருந்தார்கள். என் கடப்பாரையாலேயே. உள்ளே இருந்த ஏழும் போய்விட்டன. மீதி இரண்டு பழுதுபார்ப்பவரிடம் இருந்ததால் தப்பின. லேப்டாப், கேமரா, வெள்ளிக் குத்துவிளக்கு ஜோடி, இன்னும் சில்லறைச் சாமான்களும் காணோம்.

சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவர், திருட்டு தெரிந்த 48 மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் போலீசுக்கும், ஏ.டி.எஃப். என்னும் மத்தியத் துறைக்கும் தகவல் தர வேண்டும். தூக்கம் கலையாத கண்ணோடு அதைச் செய்தேன். ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் கேட்டார்கள். அந்த எண்கள் இருந்த பதிவேடு எப்போதும் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேதான் இருக்கும். போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி எழுந்து போய்ப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு வைத்தது; விஜயதசமியன்று எடுக்க மறந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து இழப்பை மதிப்பிடும் அதிகாரி போன் செய்தார். அந்த உரையாடலில் ஒரு பகுதி எனக்கு மனப்பாடம்.

“இது எந்த வருடம் செய்தது?”

“1943.”

“அப்படியென்றால் எண்பது வருடத் தேய்மானம் கழிக்க வேண்டியிருக்கும்.”

“ஐயா, வயசு ஏற ஏறத்தான் அதற்கு விலை.”

“எங்கள் கணினியில் அப்படி ஒரு கட்டம் இல்லை.”

பழைய ஏலங்களின் விலைகளையெல்லாம் காட்டி மூன்று வாரம் வாதாடி, ஏழுக்கும் சேர்த்து 9,200 டாலர் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் அந்த அதிகாரி மின்னஞ்சலில் பாலிசியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். துப்பாக்கிகளும் அவை சார்ந்த உபகரணங்களும் திருடு போனால் மொத்தமாக 2,500 டாலர்தான் வரம்பு. ஒவ்வொன்றுக்கும் அல்ல, எல்லாவற்றுக்கும் சேர்த்து. தொலைநோக்கி, உறை எல்லாம் அதற்குள்ளேயே. தீயிலோ, குழாய் வெடித்தோ போனால் இந்த வரம்பு கிடையாது. அதனால்தான் 2021-ல் பேச்சே எழவில்லை.

அடுத்தது டிடக்டிபிள், அதாவது இழப்பில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை. டெக்சஸில் பல பாலிசிகளில் இது வீட்டின் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். எங்களுக்கு 3,80,000 டாலர் வீடு, ஆக 3,800. துப்பாக்கிக்கு 2,500, மற்றவற்றுக்கு 3,100, கூட்டினால் 5,600. அதில் முதல் 3,800 என் தலையில். மீதி 1,800. துப்பாக்கி மட்டும் திருடு போயிருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது பூஜ்யம். கணக்கில் தப்பே இல்லை. கையெழுத்துப் போட்டபோது நான்தான் படிக்கவில்லை. ஏஜென்ட்டும் சொல்லவில்லை. நான் சொல்லாததால் கேட்கவில்லை என்றார். கேட்காததால் சொல்லவில்லை என்றேன்.

துப்பாக்கியே பிடிக்காத வாசகர்களும் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீட்டுக் காப்பீட்டின் வழக்கமான வாசகத்தில் துப்பாக்கிக்கு அக்கம்பக்கத்தில்தான் நகை உட்கார்ந்திருக்கிறது. திருடு போனால் நகை, கைக்கடிகாரம் எல்லாம் சேர்த்து 1,500 டாலர். வெள்ளிப் பாத்திரங்களுக்கு 2,500. காசாகவோ கட்டியாகவோ வைத்த தங்கத்துக்கு 200 டாலர், அதுவும் திருட்டு என்றில்லை, எப்படிப் போனாலும். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் கொஞ்சம் மாறலாம். அட்சய திருதியைக்கு வாங்கிய காசுகளை உள்ளாடை டிராயரில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்காக எங்கள் வீட்டு நகைகள் எங்களோடேயே விமானம் ஏறியிருந்தன. அது என் புத்திசாலித்தனம் அல்ல, தங்கை மகளின் புண்ணியம்.

இதற்கு வழி உண்டு. பொருளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, விலை குறித்து, வீட்டு பாலிசியோடு தனி இணைப்பாகச் சேர்க்கலாம். சேகரிப்பாளர்களுக்கென்றே தனி பாலிசிகளும் விற்கின்றன. இப்போது 4,200 டாலர் மதிப்புக்கு நான் வருடம் 54 டாலர் கட்டுகிறேன். என் இணைப்பில் டிடக்டிபிள் கிடையாது. திருட்டோடு, கை தவறி விழுந்து உடைந்தாலும் உண்டு. வெள்ளமும் அடங்கும். ஹூஸ்டன்காரர்களுக்கு இது முக்கியம். 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது, சாதாரண வீட்டு பாலிசி வெள்ளத்துக்குத் தராது என்பதை எங்கள் தெருவில் பலர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் கற்றுக்கொண்டார்கள். துருவுக்கு மட்டும் எந்த பாலிசியும் தராது போலிருக்கிறது. இங்கத்தைய புழுக்கத்துக்கு வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி போட்டுத் துடைப்பதுதான் அதற்குக் காப்பீடு.

விலை குறிக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தருவார்களா, அல்லது இழப்பு நேரும்போது மறுபடி மதிப்பிடுவார்களா? பழைய பொருளுக்குப் புதுப்பொருள் விலை தரும் பாலிசியை நம்பியும் பயனில்லை. வயதாலும் வரலாற்றாலும் மதிப்புப் பெற்ற சேகரிப்புகளை அதிலிருந்து பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். வரிசை எண், படங்கள், ரசீது ஆகியவற்றின் நகல் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். என்னுடையது இப்போது மகளிடம் இருக்கிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் என் மாமாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் ஒன்று இருந்தது, காட்டுப்பன்றிக்காக. தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ஒரு சீட்டு வாங்கி வருவார். அந்தச் சீட்டை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருப்பார். எண்ணிக்கைக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான். இங்கே எனக்கு ஒன்பது வைத்துக்கொள்ளச் சுதந்திரம் இருந்தது. மாமாவின் அந்த மடித்த சீட்டு அளவுக்குப் பொறுப்பு இல்லை.

2024-ல் ஒரு நாள் போலீசிடமிருந்து அழைப்பு. வேறொரு கவுன்ட்டியில் அடகுக்கடைக்கு வந்த ரைஃபிளின் வரிசை எண், திருட்டுப் பட்டியலில் நான் கொடுத்த எண்ணோடு ஒத்துப்போயிற்று. இஷாப்பூர்! மற்ற ஆறைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. திரும்பி வந்தால் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை, தெரிவித்தேன். மீதி இழப்பே அவர்கள் கொடுத்ததைவிடப் பல மடங்கு என்பதால் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. பின்கட்டையில் நான் வைத்த குங்குமத்தின் கறை அப்படியே இருந்தது. பித்தளைக் கதவைத் திறந்து பார்த்தேன். எண்ணெய்க் குப்பி இருந்தது, கயிற்றை மட்டும் காணோம்.

கடிதத்தை வெளியிட்டால் ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். வீட்டில் இன்னும் மூன்று இருக்கின்றன. டிசம்பரில் மறுபடி ஊருக்கு வருகிறோம்.

தங்கள் வாசகன்,
ஷுகர்லேண்ட், டெக்சஸ்